ரப்பர்ப் பாலும் மின்னலும்



மங்கில் சொட்டும் ரப்பர்ப் பாலுக்கும் வானத்தில் வெட்டும் மின்னலுக்கும் என்ன உறவு? ஒன்று ஓசையின்றிச் சொட்டுவது. மற்றொன்று ஊரையே அதிர வைப்பது. தொடர்பே இல்லாதவை போலத் தோன்றும் இந்த இரண்டையும் ஆட்டி வைக்கின்ற தத்துவம் ஒன்றேதான். அதற்கு மின்புலம் என்று பெயர். பேராக் மாநிலத்தில் ரப்பர்த் தோட்டங்களிலும் ஈய லம்பங்களிலும் உழைத்து வளர்ந்த குடும்பங்கள் நாம். மின்புலம் என்ற சொல்லை நம்மில் பலர் கேட்டிராமல் இருக்கலாம். ஆனால் அதனோடு தலைமுறை தலைமுறையாகப் பழகியிருக்கிறோம். அது என்ன, அதில் அகப்பட்ட மின்னூட்டம் என்ன ஆகிறது, அதை அறிந்துகொள்வதால் நம் உயிருக்கு என்ன பாதுகாப்பு என்பதை இன்று பார்ப்போம்.

முதலில் மின்னூட்டம் என்றால் என்ன? எல்லாப் பொருள்களும் அணுக்களால் ஆனவை. அணுவின் நடுவில் நேர் மின்னூட்டம் உடைய கரு இருக்கிறது. அதைச் சுற்றி எதிர் மின்னூட்டம் உடைய எலெக்ட்ரான்கள் இருக்கின்றன. வரவும் செலவும் சரியாக உள்ள கணக்குப் புத்தகம்போல இவை இரண்டும் வழக்கமாகச் சமமாக இருக்கும். அதனால் பொருளுக்குள் மின்னூட்டம் இருப்பதே வெளியில் தெரிவதில்லை. இரண்டு பொருள்களை உரசும்போது ஒன்றிலிருந்து சில எலெக்ட்ரான்கள் மற்றொன்றுக்குத் தாவிவிடுகின்றன. பெற்றுக்கொண்டது எதிர் மின்னூட்டம் அடைகிறது. இழந்தது நேர் மின்னூட்டம் அடைகிறது. ஒத்த மின்னூட்டங்கள் ஒன்றையொன்று தள்ளும். மாறுபட்ட மின்னூட்டங்கள் ஒன்றையொன்று இழுக்கும்.

இதைப் பிள்ளைகள் வீட்டிலேயே செய்து பார்க்கலாம். பிளாஸ்டிக் சீப்பால் தலையைப் பத்துப் பதினைந்து முறை வாருங்கள். பிறகு அந்தச் சீப்பைச் சிறு சிறு காகிதத் துண்டுகளுக்கு மேலே பிடியுங்கள். துண்டுகள் துள்ளி எழுந்து சீப்பில் ஒட்டிக்கொள்ளும். ஆனால் ஒன்று: தலையில் தேங்காய் எண்ணெய் இருக்கக் கூடாது. மழை பெய்து ஓய்ந்த நேரமாகவும் இருக்கக் கூடாது. நம் நாட்டுக் காற்றில் ஈரம் மிகுதி. அந்த ஈரம் சீப்பின்மேல் மெல்லிய படலமாகப் படிந்து மின்னூட்டத்தைக் கசியவிட்டுவிடும். நல்ல வெயில் நேரத்தில் செய்தால் சோதனை வெற்றி பெறும்.

இப்போது நாம் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். சீப்பு காகிதத்தைத் தொடவே இல்லை. இடையில் கயிறும் இல்லை, கம்பியும் இல்லை. அப்படியிருக்க, காகிதம் எப்படி எழுந்தது?

இந்தக் கேள்விக்கு வழி காட்டியவர் மைக்கேல் பாரடே என்னும் ஆங்கில விஞ்ஞானி. 1791இல் ஒரு கொல்லருக்கு மகனாகப் பிறந்தவர். பள்ளியில் அதிகம் படிக்க வசதியில்லை. 14 வயதில் புத்தகம் கட்டும் கடையில் வேலை பழகச் சேர்ந்தார். கட்டுவதற்கு வந்த புத்தகங்களைப் படித்துப் படித்தே விஞ்ஞானியானார். மின்னூட்டம் உள்ள ஒரு பொருள் தன்னைச் சுற்றியுள்ள வெளியையே ஒரு புதிய நிலைக்கு மாற்றிவிடுகிறது என்று அவர் கருதினார். அந்த வெளியில் கண்ணுக்குத் தெரியாத விசைக் கோடுகள் பரவியிருப்பதாகப் படம் வரைந்து காட்டினார். அப்படி மாறிய வெளியைத்தான் இன்று மின்புலம் என்கிறோம்.

புலம் என்பது நமக்குப் பழைய சொல். வயலுக்கும் நிலத்துக்கும் நம் முன்னோர் வழங்கிய சொல் அது. அதை மனத்தில் வைத்துக்கொண்டு நம் தோட்டத்து மலைச்சரிவை நினைத்துப் பாருங்கள். ஒரு பந்தைச் சரிவில் வைத்தால் உருண்டு ஓடுகிறது. சரிவு செங்குத்தாக இருந்தால் வேகமாக ஓடுகிறது. பந்தை எடுத்துவிட்டாலும் சரிவு அங்கேயே இருக்கிறது, அடுத்த பந்துக்காகக் காத்திருக்கிறது. மின்புலமும் அத்தகைய ஒரு சரிவுதான். அதில் வந்து சேரும் மின்னூட்டம்தான் பந்து. ஒரே ஒரு வேறுபாடு உண்டு. நேர் மின்னூட்டம் புலத்தின் திசையிலேயே தள்ளப்படும். எதிர் மின்னூட்டம் அதற்கு நேர் எதிர்த் திசையில் தள்ளப்படும். புலம் எவ்வளவு வலிதோ, மின்னூட்டம் எவ்வளவு பெரிதோ, விசையும் அவ்வளவு பெரிது. புலத்தின் வலிமையை மின்னூட்டத்தின் அளவால் பெருக்கினால் விசை கிடைக்கும். இவ்வளவுதான் சூத்திரம்.

மின்னூட்டத்தை நெருங்க நெருங்கப் புலம் வலுக்கும், விலக விலக மெலியும். 1785இல் கூலும் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி இதை அளந்து கண்டார். ஒரு சிறு மின்னூட்டத்திலிருந்து தூரம் இரு மடங்கானால் விசை நான்கில் ஒரு பங்காகிவிடும். தூரம் மும்மடங்கானால் ஒன்பதில் ஒரு பங்காகிவிடும். காகிதம் ஏன் சீப்பை நோக்கி எழுந்தது என்பதும் இதனால் விளங்குகிறது. காகிதத்தில் இரு வகை மின்னூட்டமும் சமமாகவே உள்ளன. சீப்பின் புலம் ஒரு வகையைச் சற்று அருகிலும் மறு வகையைச் சற்றுத் தள்ளியும் நகர்த்திவிடுகிறது. அருகில் உள்ளதன்மேல் இழுப்பு அதிகம். தொலைவில் உள்ளதன்மேல் தள்ளுதல் குறைவு. ஆகவே இழுப்பு வெல்கிறது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மின்னலைப் பற்றிப் பேசும்போது மீண்டும் தேவைப்படும்.

இனி நம் தோட்டத்துக்கு வருவோம். 1877இல் கோலகங்சாரில் ரப்பர்க் கன்றுகள் நடப்பட்டன. பின்னாளில் நம் பாட்டன் பாட்டிமார் காலை இருளில் பெரட்டுக்கு நின்று, உளி எடுத்து, நிரை நிரையாக மரம் வெட்டியது இந்த மண்ணில்தான். அவர்கள் சேகரித்த பாலை ஒரு சொட்டு எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தால், நீரில் கோடிக்கணக்கான ரப்பர்த் துகள்கள் மிதப்பதைக் காணலாம். ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவினது, அல்லது அதனினும் சிறியது. இத்தனை துகள்கள் நெருக்கியடித்து மிதந்தும் ஏன் உடனே ஒட்டிக் கட்டியாகிவிடுவதில்லை?

ஒவ்வொரு துகளுக்கும் மேலே புரதமும் கொழுப்புப் பொருளும் சேர்ந்த மெல்லிய போர்வை இருக்கிறது. அந்தப் போர்வை எதிர் மின்னூட்டம் கொண்டது. எல்லாத் துகள்களுக்கும் ஒரே வகை மின்னூட்டம். ஆகவே ஒவ்வொன்றும் தன்னைச் சுற்றி ஒரு புலத்தை விரித்து, அருகில் வரும் மற்றதைத் தள்ளிவிடுகிறது. பால் பாலாகவே இருப்பதற்கு இந்தத் தள்ளுதல் ஒரு முக்கியக் காரணம்.

ஸ்டோரில் பாலை ஊற்றி, நீர் கலந்து, பார்மிக் திராவகத்தைச் சேர்த்ததும் என்ன நடக்கிறது? திராவகத்திலிருந்து நேர் மின்னூட்டத் துகள்கள் பாலில் பரவுகின்றன. அவை ரப்பர்த் துகளின் எதிர் மின்னூட்டத்தை ஈடுசெய்துவிடுகின்றன. புலம் அடங்குகிறது. தள்ளுவதற்கு விசை இல்லை. துகள்கள் ஒன்றோடொன்று மோதி ஒட்டிக்கொள்கின்றன. பால் உறைந்து வெண்ணிறக் கட்டியாகிறது. திராவகம் ஊற்றாமலே மங்கில் கிடந்த பால் கட்டிப்பாலாகிவிடுவதும் ஏறக்குறைய இப்படித்தான். பாலில் புகுந்த நுண்கிருமிகள் தாமே புளிப்பை உண்டாக்கிவிடுகின்றன. பால் உறையாமல் இருக்க அம்மோனியா சேர்ப்பது அந்தக் கிருமிகளை அடக்கவும், எதிர் மின்னூட்டத்தைக் காப்பாற்றவும்தான். பாலுக்குள் இரண்டு மின்தகடுகளை இறக்கி மின்புலம் ஏற்படுத்தினால், ரப்பர்த் துகள்கள் நேர்த் தகட்டை நோக்கி நகர்ந்து அதன்மேல் படிகின்றன. இந்த முறையில் ரப்பர்ப் பொருள்கள் செய்யும் வழியை 1920களிலேயே கண்டறிந்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் என்று பிறர் எண்ணிய நம் முன்னோர், எத்தனை சொட்டு மருந்து விட்டால் பால் கெடாது என்பதைக் கைப்பழக்கத்தால் அறிந்திருந்தார்கள். அந்த அறிவுக்குப் பின்னால் இருந்த விஞ்ஞானம் இதுவே.

தோட்டத்தைவிட்டுச் சற்று வெளியே போனால் கிந்தா பள்ளத்தாக்கின் ஈய நிலம். தஞ்சோங் துவாலாங்கில் 1938இல் கட்டப்பட்டு 1982வரை மண்ணை வாரிய ஈயக் கப்பலை இன்று சுற்றுலாப் பயணிகள் வந்து பார்க்கிறார்கள். 1985இல் ஈய விலை சரிந்தபின் லம்பங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. ஈயத்தைப் பிரித்தபின் எஞ்சிய கனமான கருமணலுக்கு அமாங் என்று பெயர். அதனுள் இல்மனைட், சிர்கான், மோனசைட் போன்ற விலையுள்ள கனிமங்கள் கலந்திருக்கின்றன. கண்ணால் பார்த்துப் பொறுக்க முடியாத இந்தத் துகள்களைப் பிரிக்க, அமாங் ஆலைகளில் காந்தத்தோடு மின்புலமும் பயன்படுகிறது.

உலர்ந்த மணலைச் சுழலும் உலோக உருளைமேல் மெல்லிய படலமாக விழவிடுவார்கள். உருளை நிலத்தோடு இணைக்கப்பட்டிருக்கும். அருகில் உள்ள மெல்லிய கம்பியில் 20,000 வோல்ட்டுக்கும் மேற்பட்ட மின்னழுத்தம் இருக்கும். கம்பியின் வலிய புலம் மணல் துகள்களுக்கு மின்னூட்டம் ஏற்றுகிறது. இல்மனைட் மின்சாரத்தைக் கடத்தும். அது தன் மின்னூட்டத்தை உருளைக்கு உடனே கொடுத்துவிட்டு, சுழலும் வேகத்தில் எறியப்பட்டுத் தள்ளி விழுகிறது. சிர்கானும் மோனசைட்டும் எளிதில் கடத்தா. அவை மின்னூட்டத்தை விடாமல் பிடித்துக்கொண்டு உருளையோடு ஒட்டி வருகின்றன. பின்பக்கத்தில் தூரிகை அவற்றைத் துடைத்து விடுகிறது. முறத்தில் புடைத்து அரிசியையும் உமியையும் பிரிப்பதுபோல, மின்புலம் மணலைப் புடைத்துப் பிரிக்கிறது.

பாலிலும் மணலிலும் நமக்கு ஊழியம் செய்யும் அதே புலம், வானத்தில் மூண்டெழுந்தால் உயிரை எடுத்துவிடும். பேராக்கில் பிறந்தவருக்கு இடியைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. உலகிலேயே இடிமழை மிகுந்த நாடுகளில் மலேசியாவும் ஒன்று. காலையில் வெயில் சுட, பிற்பகலில் மலைப்பக்கம் மேகம் கறுக்க, மூன்று நான்கு மணிக்கு வானம் உறுமத் தொடங்கும். பிள்ளைகள் திடலில் பந்து விளையாடும் நேரமும், செம்பனைத் தோட்டத்தில் வேலை முடிந்து திரும்பும் நேரமும் அதுதான்.

உயர்ந்த இடிமேகத்துக்குள் சிறு பனித்துகள்களும் மென்மையான ஆலங்கட்டிகளும் ஓயாமல் மோதுகின்றன. சீப்பும் தலைமுடியும்போல மின்னூட்டம் இடம் மாறுகிறது. இலேசான பனித்துகள்கள் நேர் மின்னூட்டத்தோடு மேலே போகின்றன. கனமானவை எதிர் மின்னூட்டத்தோடு மேகத்தின் கீழ்ப்பகுதியில் தங்குகின்றன. மேகத்தின் எதிர் மின்னூட்டம் தரையிலுள்ள எலெக்ட்ரான்களை விரட்டுகிறது. ஆகவே மேகத்துக்குக் கீழே தரையும் மரமும் வீடும் நேர் மின்னூட்டம் பெறுகின்றன. முன்பு சொன்ன சீப்பும் காகிதமும்தான், இப்போது கிலோமீட்டர் கணக்கில்!

தெளிந்த நாளில் தரைக்கு அருகே மின்புலம் மீட்டருக்கு ஏறக்குறைய 100 வோல்ட். இடிமேகத்தின் கீழே அது பல ஆயிரம் வோல்ட்டாக உயர்கிறது. காற்று சாதாரணமாக மின்சாரத்தைக் கடத்தாது. ஆனால் புலம் மீட்டருக்கு ஏறக்குறைய 30 லட்சம் வோல்ட் ஆகிவிட்டால் வறண்ட காற்றும் தாக்குப்பிடிக்காது. மேகத்தில் புலம் மிகச் செறிந்த இடத்தில் காற்று உடைந்து, ஒரு மின்கீற்று படிப்படியாகக் கீழே இறங்குகிறது. அது நெருங்கும்போது தரையில் உயர்ந்து நிற்கும் பொருள்களின் நுனியில் புலம் குவிகிறது. அந்த நுனியிலிருந்து எதிர்க்கீற்று ஒன்று மேலே எழுகிறது. இரண்டும் சேரும் இடத்தில் ஏறக்குறைய 30,000 ஆம்பியர் மின்னோட்டம் பாய்கிறது. அதுவே நாம் காணும் மின்னல். சூடேறிய காற்று வெடித்து விரியும் ஒலியே இடி.

இடி இடித்தால் அர்ச்சுனன் பெயரைச் சொல்லும் வழக்கம் நம் குடும்பங்களில் உண்டு. அச்சத்தில் இருக்கும் குழந்தைக்கு அது தெம்பு தரும், சொல்லட்டும். ஆனால் சொல்லிக்கொண்டே மரத்தடியில் நின்றால் பயனில்லை. எங்கே நிற்கிறோம் என்பதே உயிரைத் தீர்மானிக்கிறது.

புலம் உயரமான, தனித்து நிற்கும் நுனியில் குவிகிறது என்று பார்த்தோம். ஆகவே தனி மரத்தடி மிக ஆபத்தானது. மரத்தில் விழுந்த மின்னல் அங்கிருந்து பக்கத்தில் நிற்பவர்மேல் தாவும். மரத்தடியில் தரையிலும் அது பரவும். அப்போது நிலத்தில் ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் இடையிலேயே பெரிய மின்னழுத்த வேறுபாடு உண்டாகும். மாடுகள் மின்னலில் மிகுதியாகச் சாவதற்கு இதுவே காரணம். முன்காலுக்கும் பின்காலுக்கும் இடைவெளி அதிகம். மின்னோட்டம் ஒரு காலில் ஏறி, நெஞ்சின் வழியாகப் பாய்ந்து, மறு காலில் இறங்குகிறது. ஒதுங்க வழியே இல்லாமல் வெளியில் அகப்பட்டவர் கால்கள் இரண்டையும் சேர்த்துக் குந்தி இருக்க வேண்டும். படுக்கக் கூடாது. இது கடைசி வழியே தவிர, பாதுகாப்பு அன்று.

ரப்பர் காலணி போட்டிருக்கிறோம், மின்னல் ஒன்றும் செய்யாது என்று சிலர் எண்ணுகிறார்கள். ரப்பரோடு வாழ்ந்த நாம் இதை நன்றாகத் தெரிந்துகொள்ள வேண்டும். வீட்டு மின்சாரத்தை ரப்பர் தடுக்கும், உண்மை. கிலோமீட்டர் கணக்கான காற்றைக் கிழித்துக்கொண்டு வந்த மின்னலுக்கு ஓர் அங்குல ரப்பர் ஒரு தடையா? காருக்குள் இருப்பவர் தப்புவதும் டயரால் அன்று. சுற்றியுள்ள இரும்புக் கூட்டால். 1836இல் பாரடே உலோகம் பொதிந்த ஒரு பெரிய கூண்டைச் செய்து, வெளியே மின்பொறி பறக்கத் தாம் உள்ளே அமர்ந்து காட்டினார். உலோகக் கூட்டுக்குள் மின்புலம் நுழைவதில்லை. ஆகவே கண்ணாடியை ஏற்றி மூடிய காரும் பஸ்ஸும் நல்ல அடைக்கலம். மோட்டார் சைக்கிள் அப்படியன்று. நாற்புறமும் திறந்த கொட்டகையும் அப்படியன்று. கம்பியும் குழாயும் பொருத்திய கல்வீடு நல்லது. அங்கும் அந்த நேரத்தில் குழாயில் குளிப்பதும், கம்பியில் இணைத்த கருவிகளைத் தொடுவதும் வேண்டாம்.

மின்னலைக் கண்டதும் எண்ணத் தொடங்குங்கள். மூன்று நொடிக்கு ஒரு கிலோமீட்டர் என்று கணக்கு. முப்பது எண்ணுவதற்குள் இடி கேட்டால் மேகம் பத்துக் கிலோமீட்டருக்குள் இருக்கிறது. உடனே உள்ளே போங்கள். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழித்தே வெளியே வாருங்கள். பழைய பெட்டித் தொலைக்காட்சியின் கண்ணாடி அருகே கையைக் கொண்டுபோனால் உரோமம் சிலிர்த்து நின்றது நினைவிருக்கலாம். அதுவும் மின்புலத்தின் வேலை. திறந்த வெளியில் மழைமேகத்தின் கீழ் உங்கள் தலைமுடி அப்படிச் சிலிர்த்தால், புலம் உங்கள்மேலேயே குவிந்துவிட்டது என்று பொருள். ஒரு நொடியும் தாமதிக்கலாகாது.

மின்னல் தாக்கியவரைத் தொடலாம். அவர் உடலில் மின்சாரம் தங்கியிருப்பதில்லை. தொட்டால் நமக்கும் பாயும் என்று அஞ்சி நிற்கும் சில நிமிடங்களில் பிழைக்க வேண்டிய உயிர் போய்விடும். மூச்சில்லை என்றால் 999க்கு அழைக்கச் சொல்லிவிட்டு, மார்பின் நடுவில் இரு கைகளாலும் வலுவாகவும் வேகமாகவும் அழுத்திக்கொண்டே இருங்கள்.

மின்கம்பியால் தாக்கப்பட்டவர் செய்தி வேறு. கம்பியில் மின்சாரம் ஓடிக்கொண்டேயிருக்கும். அதை நிறுத்தும்வரை அவரைத் தொடக் கூடாது. இதை இன்று அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. நம் ரப்பர்த் தோட்டங்களில் பல செம்பனைத் தோட்டங்களாகிவிட்டன. உயர்ந்த மரத்தில் குலை வெட்ட நீண்ட அலுமினியக் கம்பின் நுனியில் அரிவாளைக் கட்டி ஓங்குகிறோம். அலுமினியம் மின்சாரத்தை நன்கு கடத்தும். தோட்டத்தின் ஓரமாகவோ நடுவாகவோ 11,000 வோல்ட் கம்பியும் அதனினும் பெரிய கம்பியும் போகின்றன. அவற்றைச் சுற்றி எப்போதும் வலிய புலம் இருக்கிறது. கம்பு தொட்டால் முடிவுதான். மிக உயர்ந்த மின்னழுத்தமானால் தொட வேண்டியதும் இல்லை, நெருங்கினாலே காற்றைத் தாண்டிப் பாயும். மின்கம்பிக்கு அருகில் நிற்கும் மரத்தில் கம்பை ஓங்காதீர்கள். தோளில் சாய்த்து நடக்கும்போது மேலே பாருங்கள். அந்த மரத்தை எப்படி வெட்டுவது என்பதைத் தோட்ட நிர்வாகத்திடம் கேட்பது கோழைத்தனம் அன்று, உழைப்பவரின் உரிமை.

நேயர்களே, மின்னூட்டம் தன்னைச் சுற்றி ஒரு புலத்தை விரிக்கிறது. அந்தப் புலம் தன்னிடம் வந்த மின்னூட்டத்தைத் தள்ளும், அல்லது இழுக்கும். நெருங்கினால் வலுக்கும், விலகினால் மெலியும், உயர்ந்த நுனியில் குவியும், உலோகக் கூட்டுக்குள் அடங்கும். இந்த நான்கு செய்திகளையும் இன்றிரவு உங்கள் பிள்ளைகளிடம் கேளுங்கள். சீப்பையும் காகிதத்தையும் கொடுத்துச் செய்து காட்டச் சொல்லுங்கள். நாளைப் பிற்பகலில் மேகம் கறுக்கும்போது, திடலைவிட்டு முதலில் ஓடிவந்து தோழர்களையும் கூப்பிடும் பிள்ளையாக நம் பிள்ளை இருக்கட்டும்.